கால்குலேட்டர் என்னுது, பூட்டு யாருது?

"கால்குலேட்டர்ல போய் ஷெல்லா? உனக்கு வேற வேலையே இல்லையாலே?" என்று கேட்கிற என் வகுப்புத் தோழர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு அறிமுகம். எஞ்சினியரிங் படிக்கிற நம்மில் பாதிப் பேர் கையில் இருக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் வெறும் சயின்டிஃபிக் கால்குலேட்டர். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது கிராஃபிங் கால்குலேட்டர். சமன்பாட்டைக் கொடுத்தால் திரையில் வரைந்து காட்டும், புரோகிராமும் எழுதலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி 1999ல் வெளியிட்ட டிஐ-83 பிளஸ் இதில் ரொம்பப் பிரபலம். உள்ளே இசட்80 பிராசசர், வேகம் 6 மெகாஹெர்ட்ஸ், நமக்குக் கிடைப்பது 24 கிலோபைட் ராம், 160 கிலோபைட் ஃபிளாஷ். இன்றைய செல்போனில் ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காது.

அதிலேயே வருகிற டிஐ-பேசிக் மொழி ஆமை வேகம். அசெம்பிளியில் எழுதினால் பறக்கும். அந்த அசெம்பிளி புரோகிராம்களை மெனுவில் வரிசையாகக் காட்டி, ஓட வைத்து, படம் வரைவது போன்ற பொதுவான வேலைகளுக்குத் தயார் ரொட்டீன்களையும் கொடுப்பதுதான் ஷெல். அயான், மிராஜ்ஓஎஸ், டோர்ஸ் சிஎஸ் என்று பல உண்டு. எல்லாமே கம்பெனிக்கு வெளியே இருப்பவர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தவை.

போடுவது பெரிய வித்தை இல்லை. கேபிளை மாட்டி, டிஐ-கனெக்ட் அல்லது டிஐஎல்பி மென்பொருள் வழியாகக் கோப்பை அனுப்ப வேண்டியதுதான். மிராஜ்ஓஎஸ் என்றால் ஆப்ஸ் மெனுவில் வந்து உட்கார்ந்துவிடும். அயான் என்றால் கேட்டலாகில் இருக்கும் ஏஎஸ்எம் கட்டளையோடு புரோகிராம் பெயரைச் சேர்த்து ஓட்ட வேண்டும். ஒரே எச்சரிக்கை: அசெம்பிளியில் ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் ராம் மொத்தமும் அழிந்துவிடும். முக்கியமானதை முதலிலேயே ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள்.

இப்போது சண்டைக்கு வருவோம்.

இந்த ஷெல் சமாச்சாரம் ஆரம்பித்ததே பூட்டை உடைத்துத்தான். 1992ல் வந்த டிஐ-85ல் அசெம்பிளிக்கு இடமே கிடையாது. மெமரி பேக்அப் கோப்பைக் கம்ப்யூட்டரில் திருத்தித் திருப்பி அனுப்பினால் நம் சொந்தக் கோடை ஓட வைக்கலாம் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். 1994ல் இசட்ஷெல் பிறந்தது அப்படித்தான். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அடுத்து வந்த டிஐ-86லும் டிஐ-83 பிளஸிலும் அசெம்பிளியை ஓட்ட அதுவே கட்டளை கொடுத்தது. அந்தக் கதவு வழியாக ஒரு தலைமுறைப் பிள்ளைகள் உள்ளே போய், பிராசசர் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொண்டார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 2009ல் டிஐ-83 பிளஸின் ஓஎஸ்ஸைக் காத்துவந்த 512 பிட் ஆர்எஸ்ஏ சாவியை ஓர் ஆர்வலர் வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்தே கண்டுபிடித்தார். அதைப் பற்றி எழுதியவர்களுக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் விட்டது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அவர்களுக்காகக் களத்தில் இறங்கிய பிறகுதான் சத்தம் அடங்கியது. 2020 மே மாதம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டிஐ-84 பிளஸ் சிஇ, டிஐ-83 பிரீமியம் சிஇ இரண்டுக்கும் வந்த புது ஓஎஸ்ஸில் அசெம்பிளி வசதியையே எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவனின் மெஷினிலிருந்து, அதுவரை இருந்த வசதியை, 'அப்டேட்' என்ற பெயரில் பிடுங்குவது! அதே ஆண்டு ஆர்ட்டிஃபிஸ் என்கிற மாற்றுவழியை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள் என்பது வேறு கதை. உரிமையோடு போன வாசல் வழியே இப்போது திருடன் மாதிரி சுவரேறிக் குதிக்க வேண்டியிருக்கிறது.

காரணம் என்ன? பரீட்சை. தேர்வு மோடை ஏமாற்றும் வழி ஒன்று வீடியோவாக வெளிவந்ததாம், அதனால் பாதுகாப்பாம்.

பாவூர்சத்திரத்தில் ஒருத்தர் பம்ப்செட் வாங்குகிறார். யாரோ ஒரு ஆள் எங்கேயோ மோட்டார் வைத்துப் பக்கத்து வயல் தண்ணீரைத் திருடிவிட்டான் என்பதற்காக, கம்பெனிக்காரன் வந்து எல்லார் மோட்டாரிலும் பாதி வயரை உருவிக்கொண்டு போனால் சும்மா விடுவோமா? கீழப்பாவூர்க் குளத்தடியிலேயே பஞ்சாயத்து வைத்துவிட மாட்டோம்? கால்குலேட்டர் என்றால் மட்டும் ஏன் வாயைப் பொத்திக்கொள்கிறோம்?

"ஷெல் இருந்தா காப்பியடிப்பாங்கல்ல?" என்பார்கள். காப்பியடிக்க ஷெல் எதற்கு சார்? ஃபார்முலாவை டிஐ-பேசிக் புரோகிராமிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். அசெம்பிளியை எடுத்த பிறகும் அந்த வசதி அப்படியேதான் இருக்கிறது. பூட்டியது திருடனை அல்ல, படிக்க வந்தவனை.

"கேம் ஆடத்தானே?" ஆமாம், ஆடுவார்கள். 96க்கு 64 புள்ளித் திரையில் ஒரு பந்தை நகர்த்த, எந்த பைட்டில் எந்த பிட்டை மாற்ற வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் அந்தக் கேமை எழுதுகிறவர்கள்தான். செமஸ்டர் முழுக்க மைக்ரோபிராசசர் பேப்பர் படித்தும் நமக்கு வராத தெளிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

"அதான் கம்பெனியே பைத்தான் கொடுத்துட்டானே?" கொடுத்தார்கள். ஆனால் சிஇ கால்குலேட்டரில் பைத்தான் ஓடுவது தனியாக ஒட்டவைத்த இன்னொரு சிப்பில். வேலி போட்ட மைதானம் அது. ஓடலாம், ஆடலாம், மெஷினைத் தொட முடியாது. பைத்தான் வேண்டும்தான். ஆனால் அது இதற்கு மாற்று இல்லை.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை இருக்கிறது. கேட் தேர்வில் 2016 முதல் சொந்தக் கால்குலேட்டரே கிடையாது. கம்ப்யூட்டர் திரையிலேயே ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். மவுஸால் அழுத்தி அழுத்திக் கை வலிக்கிறது என்று எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது நேர்மையான வழி. பரீட்சை தன் வேலையைத் தன் ஹாலுக்குள் முடித்துக்கொள்கிறது. என் வீட்டு மேஜையில் கிடக்கும் கருவிக்குள் கை விடுவதில்லை.

நம்மூர்க் கோளாறு வேறு மாதிரி. புரோகிராம் எழுதும் கால்குலேட்டர் பரீட்சைக்குக் கூடாது என்று விதி. சரி, நியாயம். அந்த விதியைப் பல கல்லூரிகள் வகுப்புக்கும் லேபுக்கும் சேர்த்தே இழுத்துவிடுகின்றன. வருஷத்தில் சில நாட்கள் நடக்கிற பரீட்சைக்காக மிச்ச நாளெல்லாம் கருவியைத் தொடாதே என்றால், நாம் எஞ்சினியரா, ஹால் டிக்கெட்டா?

ஆனால் இதே தமிழ்நாட்டில்தான் 2011 முதல் அரசு பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதை அழித்து உபுண்டு போட்டவன் உண்டு, மூன்றாவதாக இன்னொன்றைச் சேர்த்தவன் உண்டு, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு ராத்திரி முழுக்க முழித்துச் சரி செய்தவனும் உண்டு. யாரும் வந்து வயரைப் பிடுங்கவில்லை. லினக்ஸ் கற்றுக்கொண்ட பலருக்கு அதுதான் முதல் பள்ளிக்கூடம்.

ஆகவே நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கம்பெனிக்காரரே, தேர்வு மோடை எவ்வளவு இறுக்கமாக வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். விளக்கு மினுக்கட்டும், ராம் அழியட்டும். மோடை விட்டு வெளியே வந்ததும் மெஷினை எனக்கே திருப்பித் தாருங்கள். வாத்தியார்களே, விதியைப் பரீட்சை ஹால் வாசலோடு நிறுத்துங்கள்.

நண்பர்களே, வெளிநாட்டு அண்ணன் யாராவது பழைய டிஐ-83 பிளஸைத் தூக்கிப்போடப் போனால், வேண்டாம் என்று வாங்கிக்கொள்ளுங்கள். சிஇ மாடல் கிடைத்தால் முதலில் ஓஎஸ் பதிப்பு எண்ணைப் பாருங்கள். அப்டேட் கேட்டால் அவசரப்பட்டு 'சரி' அழுத்தாதீர்கள். நான்கு பேட்டரி, ஒரு கேபிள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ராம் ஒரு பத்து தடவை அழியும். பதினோராவது தடவை ஏன் அழிகிறது என்று புரிய ஆரம்பிக்கும். அந்தப் புரிதலை எந்த ஓஎஸ் அப்டேட்டாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது :-)