பவரும் வேணும், ஸ்டாமினாவும் வேணும்: எந்த டப்பாவை நம்புவது?

மூன்றாவது ரவுண்டில் கை தூக்க முடியாமல் தவிக்கும் குத்துச்சண்டை வீரருக்கு யாராவது ஒருவர் கட்டாயம் ஒரு டப்பாவைச் சிபாரிசு செய்வார். கோச், ஜிம் நண்பர், ரீல்ஸில் வரும் இன்ஃப்ளூயன்சர், கடைக்காரர் என்று ஆள்தான் மாறும். "பவர், ஸ்டாமினா ரெண்டுக்கும் இது ஒண்ணே போதும்" என்ற வசனம் மாறாது.

அப்படி ஒரு டப்பா உலகத்தில் இல்லை. ஆனால் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றம் மாதிரி ஊர்களிலிருந்து குத்துச்சண்டை, ஜூடோ, சிலம்பம் என்று கிளம்பும் இளைஞர்களுக்கு விளையாட்டு வெறும் ஹாபி இல்லை. தமிழக அரசு வேலையில் 3% விளையாட்டு இட ஒதுக்கீடு இருக்கிறது. சிலம்பமும் அந்தப் பட்டியலில் உண்டு. தறியை நம்பி வாழும் வீட்டில் பல நாள் கூலியைக் கொடுத்து வாங்கும் ஒரு டப்பா, அந்த வேலை வாய்ப்பையே பறித்துவிடக்கூடும். அதனால் விஷயத்தை நிதானமாகப் பார்ப்போம்.

உடம்பு கேட்பது என்ன?

குத்துச்சண்டை என்றால் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, இடையில் ஒரு நிமிட ஓய்வு. மல்யுத்தம் 3 நிமிடம் வீதம் இரண்டு பகுதி. ஒரு குத்துக்கோ ஒரு பிடிக்கோ தேவைப்படும் திடீர் சக்தி, தசையில் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. அது சுமார் 10 விநாடியில் தீர்ந்துபோகும். அதைத் திரும்ப நிரப்புவது ஆக்சிஜன் வழியாக நடக்கும் வேலை. அதாவது ஸ்டாமினா நன்றாக இருந்தால்தான் கடைசி ரவுண்டிலும் பவர் இருக்கும்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-ல் வெளியிட்ட நிபுணர் அறிக்கையில், விளையாட்டுத் திறனை நேரடியாக உயர்த்துவதற்கு நல்ல ஆதாரம் உள்ளவை என்று சொல்லப்பட்டவை ஐந்தே ஐந்து: கிரியேட்டின், காஃபின், பீட்டா-அலனின், சோடியம் பைகார்பனேட், நைட்ரேட். கடை அலமாரியில் அடுக்கியிருக்கும் மற்றதெல்லாம் பெரும்பாலும் நம்பிக்கை வியாபாரம்தான். இந்த ஐந்தும்கூடக் கொடுப்பது சிறிய முன்னேற்றமே. தூக்கமும் சாப்பாடும் பயிற்சியும் சரியாக இருப்பவருக்குத்தான் அதுவும் தெரியும்.

ஐந்தில், 'ரெண்டுக்கும்' என்ற கேள்விக்கு ஓரளவு பக்கத்தில் வருவது கிரியேட்டின். திடீர் சக்தியை மறுபடி மறுபடி கொடுக்க உதவுகிறது, கடினமான பயிற்சியைத் தாங்க வைக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். தசைக்குள் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். தினம் 20 கிராம் வீதம் ஒரு வாரம் 'லோடிங்' செய்தால் எடை 1 முதல் 2 கிலோ கூடலாம். பளு தூக்குபவருக்கும் எடைப் பிரிவு உண்டுதான். ஆனால் மல்யுத்தக்காரர் போட்டி நாள் காலையிலேயே எடை மேடையில் ஏற வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டிக்கு முன் வினேஷ் போகத் எத்தனை கூடுதல் எடைக்காக வெளியேற்றப்பட்டார்? 100 கிராம். அவருக்கும் கிரியேட்டினுக்கும் சம்பந்தமில்லை. எடைப் பிரிவு விளையாட்டில் 100 கிராம் என்றால் என்ன என்பதற்குத்தான் இந்தக் கதை. ஆகவே லோடிங் வேண்டாம். போட்டி இல்லாத மாதங்களில் தினம் 3 கிராம் எடுத்தாலும் சுமார் நாலு வாரத்தில் தசை அதே அளவு நிரம்பிவிடும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது அவசரமே இல்லை.

திருப்பருத்திக்குன்றத்துக்கு ஜின காஞ்சி என்றும் பெயர். திரைலோக்கியநாதர் கோயிலின் கூரை ஓவியங்களால் அறியப்பட்ட ஊர். சமண மரபில் இறைச்சி, மீன் இரண்டுமே கிடையாது. உணவில் கிரியேட்டின் இருப்பதோ முக்கியமாக அந்த இரண்டில்தான். அதனால் சைவம் சாப்பிடுபவர்களின் தசையில் அதன் இருப்பு குறைவு, பவுடராக எடுக்கும்போது ஏற்றமும் கொஞ்சம் அதிகம். "அப்போ இது அசைவமா?" என்ற சந்தேகம் வரும். இல்லை, கடையில் விற்பது ரசாயன முறையில் தயாராவது. காப்ஸ்யூல் வாங்கினால்தான் உறை ஜெலட்டினா என்று பார்க்க வேண்டும். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்து காஃபின். சோர்வைத் தள்ளிப்போடும். உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை, போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுப்பது ஆய்வுகளில் உள்ள அளவு. 60 கிலோ வீரருக்கு 180 மில்லிகிராமிலேயே தொடங்கலாம். அதிகம் போனால் படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி தூக்கம் போச்சு. 2004-ல் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் பயம் இல்லை. ஃபில்டர் காபியில் எவ்வளவு இருக்கும் என்பது டிகாக்‌ஷன் போடுகிறவர் கையைப் பொறுத்தது, அதனால் போட்டி நாளில் புதுசாக எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

மற்ற மூன்றையும் சீக்கிரம் பார்த்துவிடலாம். சோடியம் பைகார்பனேட் என்பது நம் வீட்டு ஆப்ப சோடாதான். கிலோவுக்கு 0.3 கிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 18 கிராம், கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன். பலருக்கு வயிறு ரிங்கிற்கு முன்பே நாக்-அவுட் ஆகிவிடும். பீட்டா-அலனினுக்குப் பல வாரம் தொடர்ந்து எடுக்கும் பொறுமை வேண்டும். உடம்பில் சுருக் சுருக் என்று குத்தும். நைட்ரேட்டுக்கு பீட்ரூட் ஜூஸ், போட்டிக்கு 2-3 மணி நேரம் முன்பு. அதைக் குடித்துவிட்டு மவுத்வாஷ் கொப்பளித்தால் பலன் போய்விடும், ஏனென்றால் நைட்ரேட்டை மாற்றித் தரும் பாக்டீரியா வாயில்தான் இருக்கிறது.

புரோட்டீன் பவுடர்? அது வேறு கணக்கு, அது உணவு. கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. பால், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, சோயா, சாப்பிடுபவர்களுக்கு முட்டை, மீன் என்று திட்டம் போட்டால் பெரும்பகுதியை இதிலேயே எட்டலாம். கேரளத்தில் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், சுமார் 70% டப்பாக்களில் லேபிளில் போட்ட புரத அளவே தப்பு.

யாரும் விற்காத ஒரு ஸ்டாமினா

ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைத் தூக்கிச் செல்வது ஹீமோகுளோபின். அது குறைவாக இருக்கும் ஒரு வீராங்கனை எத்தனை டப்பா தின்றாலும் இரண்டாவது ரவுண்டில் மூச்சு வாங்கத்தான் செய்யும். முதலில் ரத்தப் பரிசோதனை. குறைவு என்று தெரிந்தால் டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். இதற்கு ரீல்ஸ் போட யாருக்கும் கமிஷன் வராது.

லேபிளில் இல்லாதது

நிஜமான ஆபத்து இங்கேதான். 2000-களின் தொடக்கத்தில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தபோது 94-ல், அதாவது 14.8%-ல், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருட்கள் இருந்தன. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குச் சில வாரம் முன்பு மல்யுத்த வீரர்கள் உட்படப் பல இந்தியர்கள் மெத்தில்ஹெக்சனமீன் சோதனையில் சிக்கினார்கள். ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்களில் 'ஜெரேனியம் எண்ணெய்' என்று அழகாகப் பூப்பெயரில் ஒளிந்திருந்த அதே பொருள்.

தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் விடுவார்களா? ரியோ ஒலிம்பிக் சமயத்தில் மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ், தனக்கு யாரோ கலந்துகொடுத்துவிட்டார்கள் என்றார். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'நாடா'வின் குழு அதை ஏற்றது. 2016 ஆகஸ்ட் 18 அன்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ஏற்கவில்லை. 4 ஆண்டு தடை. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது, அவ்வளவுதான் விதி. 2023-ல் 5,000-க்கு மேல் மாதிரிகளைச் சோதித்த நாடுகளில், சிக்கியவர்கள் விகிதம் அதிகம் இருந்தது இந்தியாவில்தான்: 3.8%.

எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அது உணவு வியாபாரத்துக்கான உரிமம். தடைப் பொருள் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பேட்சையும் பார்த்ததற்கான சான்று அல்ல. 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' போன்ற அமைப்புகள்தான் பேட்ச் வாரியாகச் சோதிக்கின்றன. டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் தேடிப் பார்க்கலாம். சளி, வலி மருந்துகளுக்கு நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலி உதவும். 'மூலிகை' என்று போட்டிருந்தாலும் இதே சந்தேகம் வேண்டும். அமுக்கரா தடைப் பட்டியலில் இல்லை, ஆனால் அதோடு சேர்த்து அரைத்தது என்ன என்று யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும் 19 வயதுப் பையன் தலையில் கட்டுவது நியாயமில்லை. மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் ஆண்டுக்கு இருமுறை ஹீமோகுளோபின் பரிசோதனை, சோதிக்கப்பட்ட பிராண்டுகளின் பட்டியல் தமிழில், மாதம் ஒருநாள் உணவியல் நிபுணர். இந்த மூன்றையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் செய்யலாம். பதக்கம் வாங்கியவருக்கு ஊக்கத்தொகை தரும் அரசுக்கு இது பெரிய செலவே இல்லை.

அதுவரை ஒரு வேலை: வாங்கும் எதற்கும் பில் வாங்குங்கள், பேட்ச் எண்ணை போட்டோ எடுங்கள், தீரும்போது அடியில் கொஞ்சம் பவுடரோடு டப்பாவை எடுத்து வையுங்கள். முடிந்தால் அதே பேட்சில் பிரிக்காத டப்பா ஒன்றையும். கலப்படம் டப்பாவில்தான் இருந்தது என்று நிரூபித்தால் தண்டனை குறைய வழி உண்டு. நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் அல்ல, நீங்கள்.