முத்திரை தேடி வரும் அன்னிய சரக்கு

ஐ. எஸ். ஐ. முத்திரையை அறியாத குடும்பம் நம் தேசத்தில் அபூர்வம். இஸ்திரிப் பெட்டியிலும், பிரஷர் குக்கரிலும், குழந்தையின் பொம்மைப் பெட்டியிலும் அதைக் காண்கிறோம். ஆனால் முத்திரையின் கீழே 'சி.எம். / எல்.' என்று தொடங்கும் ஓர் எண் இருப்பதைக் கவனிப்பவர் சிலரே. இன்ன தொழிற்சாலைக்கு இன்ன சரக்கைச் செய்ய அளித்த உரிமத்தின் எண் அது. அந்தத் தொழிற்சாலை கோயமுத்தூரில் இருக்கலாம். கடல் கடந்து வியட்நாமிலும் இருக்கலாம்.

அன்னிய நாட்டார் நம் முத்திரையைப் பெறுவது எங்ஙனம்? 2016-ம் வருஷத்து இந்தியத் தர நிர்ணயச் சட்டத்தின்படி, ஒரு சரக்குக்கு முத்திரை கட்டாயம் என்று மத்திய சர்க்கார் உத்தரவிடலாம். உத்தரவு அமலுக்கு வந்த பிறகு முத்திரையில்லாத சரக்கை இங்கே செய்யவும் கூடாது, இறக்குமதி செய்யவும் கூடாது. வெளிநாட்டு உற்பத்தியாளருக்கென்று 2000-ம் ஆண்டிலிருந்து தனித் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. விண்ணப்பம் டில்லி மானக் பவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கம்பெனி ஒன்றே ஆனாலும், தொழிற்சாலைகள் மூன்றானால் விண்ணப்பங்களும் மூன்று.

இந்தியாவில் வசிக்கும் ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இதைச் சிலர் வீண் சிரமம் என்பார்கள். நான் அப்படி எண்ணவில்லை. நம் சட்டத்தின் கை கடலைத் தாண்டாது. நாளைக்குச் சரக்கில் குற்றம் கண்டால் பதில் சொல்ல இங்கே ஓர் ஆள் வேண்டாமா? உரிமம் கிடைக்கும்போது பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு பாங்கியின் உத்தரவாதம் கேட்பதும் இதே காரணத்தால்தான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் முக்கியமான கட்டம். நம் உத்தியோகஸ்தர் அந்த நாட்டுக்கே சென்று தொழிற்சாலையைப் பார்வையிடுகிறார். கச்சாப் பொருள், யந்திரங்கள், பரிசோதனைச்சாலை, அங்கே சோதிப்பவரின் தகுதி எல்லாவற்றையும் ஆராய்ந்து, மாதிரிச் சரக்கை முத்திரையிட்டு இந்தியாவில் சோதிக்க ஏற்பாடு செய்கிறார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளின் பரபரப்பை நாங்கள் அறிவோம். ஆயினும் அவருடைய ரயில் சத்தத்தை நாங்கள் கொடுப்பதில்லை! இங்கேயோ விமானச் செலவு, தங்கும் செலவு யாவும் விண்ணப்பித்தவரைச் சேர்ந்தவை. அதுகூடப் பெரிதல்ல. உத்தியோகஸ்தர் புறப்படும் வரையில் விண்ணப்பம் உறங்கிக் கொண்டிருக்கும் என்பதுதான் பெரிது. 1995-ல் அமலான உலக வர்த்தக ஸ்தாபன ஒப்பந்தம், சோதனை விஷயத்தில் அன்னிய சரக்கை உள்நாட்டுச் சரக்கைவிடத் தாழ்வாக நடத்தலாகாது என்கிறது. ஏட்டில் விதி இருவருக்கும் சமம்தான். காத்திருக்கும் காலம் சமமா?

பொம்மைகளை எடுத்துக்கொள்வோம். 2019-ல் இந்தியத் தரக் கவுன்சில் டில்லிப் பிரதேசத்துக் கடைகளில் வாங்கிச் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. குழந்தை எதையும் வாயில் வைக்கும். சாயத்தில் ஈயம் இருந்தால் யார் கேட்பது? 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பொம்மைகளுக்கு முத்திரை கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற கைவினைஞரின் பொம்மைகளுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. இந்த உத்தரவினால் அன்னியர் எத்தனை மாதம் காத்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. தாய்மார்கள் பொம்மை வாங்கும்போது அந்த உரிம எண்ணை, தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுப் பார்க்கலாம்; செய்தவர் யார், உரிமம் நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

ஆனால் இதே உத்தரவை விஸ்கோஸ் பஞ்சுக்கும் போட்டார்களே, அது எந்தக் குழந்தையைக் காக்க? மரக்கூழிலிருந்து செய்யப்படும் இந்தப் பஞ்சு கடைக்கு வரும் பண்டமன்று. நூற்பாலைக்குப் போகும் கச்சாப் பொருள். தரம் குறைந்தால் நூற்பவரே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். 2023 மார்ச்சில் முத்திரை கட்டாயமானதும், உரிமம் பெறாத வெளிநாட்டு ஆலைகளின் பஞ்சு வருவது நின்றது. உள்நாட்டிலோ அதன் உற்பத்தி பெரும்பாலும் ஒரே குழுமத்தின் கையில் இருக்கிறது. விலை ஏறினால் வேறெங்கே போவது என்று நூற்பாலைக்காரர்கள் முறையிட்டார்கள். பஞ்சு விலை நூலில் ஏறும். நூல் விலை தறிக்காரரின் தலையில் விடியும். சுதேசித் தொழிலைக் காப்பது நல்ல காரியமே. ஆனால் பஞ்சு செய்பவர் மட்டுந்தானா சுதேசி? அதை நூற்பவரும் நெய்பவரும் சுதேசிகள் அல்லவா?

2025 நவம்பரில் சர்க்கார் அந்த உத்தரவை ரத்து செய்தது. பாலியெஸ்டர் இழைக்கும் அதன் மூலப் பொருள்களுக்கும் இருந்த உத்தரவுகளும் அதே மாதத்தில் நீங்கின. இடைப்பட்ட இரண்டரை வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் ஆலைகளின் பேரேட்டில் பதிவான பஞ்சுச் செலவை மட்டும் எந்த உத்தரவாலும் ரத்து செய்ய இயலாது.