சூட்டுக் கணக்கு

ஸ்கூல் நாட்களில் சூட்டுக்கொட்டையைத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்து பெஞ்சுப் பையன் கையில் வைத்து அலற வைத்த வீரர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அப்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று: அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? கொட்டைக்குள் அடுப்பு கிடையாது. தரையும் ஜில்லென்றுதான் இருந்தது.

ரம்ஃபோர்டு பிரபு என்று ஒருவருக்கு இதே சந்தேகம். ம்யூனிக் நகரத்து ஆயுதசாலையில் பீரங்கிக் குழாய் குடைகிறார்கள். செக்கு மாதிரி குதிரை சுற்றுகிறது, உலோகம் சுடுகிறது. மனிதர் விடவில்லை. மழுங்கின கருவியைப் போட்டு, தண்ணீருக்குள் வைத்துக் குடையச் சொன்னார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டது. விறகுச் செலவு? பூஜ்யம். சூடு என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு வகை அசைவு என்று 1798-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துச் சொன்னார்.

நாம் படித்தது பி.காம். எதையும் டெபிட், கிரெடிட் என்று எழுதினால்தான் மண்டையில் ஏறும். குதிரை செலவழித்தது ஒரு பக்கம். அணுக்களின் ஆட்டத்தில் வரவு இன்னொரு பக்கம். கல்லோ இரும்போ, அதற்குள் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. இருந்த இடத்திலேயே விநாடிக்கு லட்சம் கோடி தடவைக்கு மேல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. நடுக்கம் கூடினால் அதற்குப் பெயர்தான் சூடு. சரி, இந்த என்ட்ரியை யார் போடுகிறார்கள்? எந்த இடத்தில்?

அதைப் பார்க்க அணு அளவுக்கு இறங்க வேண்டும். 1986-ல் அதற்கு ஒரு கருவி வந்தது. பெயர் அணுவிசை மைக்ராஸ்கோப். பேர்தான் பெரிசு, விஷயம் கிராமபோன் மாதிரி: நெளியும் கம்பி நுனியில் மகா கூரான ஊசி. மறு வருஷமே கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் டங்ஸ்டன் ஊசியைக் கிராஃபைட் மேல் இழுத்தார்கள். ஊசி வழுக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு பள்ளத்தில் மாட்டும், இழுக்க இழுக்க முரண்டு பிடிக்கும், சட்டென்று அடுத்த பள்ளத்துக்குத் தாவும். தாவலுக்குத் தாவல் தூரம் சுமார் கால் நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடி துண்டு போட்டு, அதில் ஒரு துண்டை நாலாக்கினால் ஒரு பங்கு!

தாவி விழுந்த ஊசி அங்கே இருக்கிற அணுவை இடிக்கிறது. அது பக்கத்து அணுவை. அது அதற்குப் பக்கத்து அணுவை. கூட்டமான பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்ட கதைதான். நீங்கள் இழுக்கச் செலவழித்த சக்தி இப்படி நடுக்கமாகப் பரவிக் காணாமல் போகிறது. சூட்டுக்கொட்டையின் ரகசியம் இவ்வளவே.

ஆக, நடுக்கம் ஒரு திருடன். தீர்ப்பு எழுதிவிடலாமா? பொறுங்கள்.

ஆபீஸ் மேஜை டிராயர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? முரட்டுத்தனமாக இழுத்தால் வராது. லேசாக ஆட்டி ஆட்டி இழுத்தால் வரும். ஊசி மாட்டியிருக்கும் பள்ளத்தில் சூடு இந்த ஆட்டுகிற வேலையை இலவசமாகச் செய்கிறது. நாம் முழு பலத்தில் இழுப்பதற்கு முன்பே ஊசி தாவிவிடுகிறது. அதனால் நானோ அளவில் பல பரப்புகளில் சூடு ஏறினால் உராய்வு குறைகிறது. மெதுவாக இழுத்தாலும் குறைகிறது, ஆட்டுவதற்கு அவகாசம் கூடுதலாகக் கிடைக்கிறது அல்லவா! திருடனே தள்ளுவண்டியும் தள்ளிக் கொடுக்கிறான்.

2007-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதில் இன்னொரு குறும்பு செய்தார்கள். வைரம், சிலிக்கன் இரண்டின் மேலும் ஒரே ஓர் அணு கனத்துக்கு ஹைட்ரஜன் பூசி உராய்வை அளந்தார்கள். பிறகு அதன் அண்ணன் டியூட்டிரியத்தைப் பூசி அளந்தார்கள். ரசாயன குணம் ஏறக்குறைய ஒன்றுதான். எடை மட்டும் இரண்டு மடங்கு. எடை கூடினால் நடுக்கம் மந்தமாகும். உராய்வும் குறைந்தது! படபடவென்று நடுங்கும் சின்னவன் அதிகம் வசூல் செய்கிறான், நிதானமான பெரியவன் குறைவாக வசூல் செய்கிறான் என்று விளக்கம் சொன்னார்கள்.

உடனே கை தட்டிவிட முடியாது. ஆடிட்டர் வந்தார். 2009-ல் கம்ப்யூட்டரில் அணு அணுவாகக் கணக்குப் போட்டவர்கள், "எடை காரணமில்லை ஐயா, இரண்டு பூச்சும் ஒரே அடர்த்தியில் ஒட்டியிருக்காது, வித்தியாசம் அங்கேதான்" என்றார்கள். விஞ்ஞானத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். எவ்வளவு பெரிய பார்ட்டியானாலும் ஆடிட் உண்டு.

உராய்வை அடியோடு ஒழிக்க முடியுமா? முட்டை அடுக்கும் அட்டை இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். பள்ளமும் மேடும் பொருந்தி நகர மறுக்கும். மேல் அட்டையைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் சுலபமாக நகரும். 2004-ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் கிராஃபைட் துணுக்கு ஒன்றை கிராஃபைட் மேலேயே திருப்பித் திருப்பி இழுத்தார்கள். பொருந்தும் கோணத்தில் நல்ல உராய்வு. அதைத் தாண்டித் திருப்பினால் அநேகமாக ஒன்றுமே இல்லை. நேருக்கு நேர் நின்றால் மாட்டிக்கொள்வோம், சற்றுத் திரும்பி நின்றால் நழுவிவிடலாம். மேனேஜர் அறை வாசலில் நாம் காலம் காலமாகக் கடைப்பிடிக்கும் தத்துவம்!

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? 2017-ல் வெளியான ஒரு கணக்கு பதில் சொல்கிறது. உலகம் செலவழிக்கும் மொத்த எரிசக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உராய்வைச் சமாளிக்கவே போகிறதாம். நூறு ரூபாய்க்குப் பெட்ரோலும் கரண்டும் வாங்கினால் இருபது ரூபாய் அணுக்களை நடுங்க வைக்கத் தண்டம்.

முழுவதும் ஒழிந்தாலும் ஆபத்து. சுவரில் ஆணி நிற்காது, தரையில் நாம் நிற்க மாட்டோம், பேன்ட்டை பெல்ட் பிடிக்காது. எந்த இடத்தில் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு.

சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று தெரியாமல் மாசக் கடைசியில் முழிப்பவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும்.