பெரிய டயர், தூக்கிவிட்ட ஜீப்: ரீல்ஸுக்கு மாஸ்... ரோட்டுக்கு?

2025 ஜூனில் ஒரு ரீல்ஸ் கூமாப்பட்டியைத் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமாக்கியது. அதன் பிறகு பிளவக்கல் அணைப் பக்கம் வார இறுதியில் வெளியூர் வண்டிகள் வந்து குவிந்தன. கூமாப்பட்டிக்குப் பக்கத்து ஊரான கான்சாபுரம், வத்திராயிருப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் என்று எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் பின்னணி ரெடி. அந்தப் பின்னணியில் நிறுத்திப் போட்டோ எடுக்க, உயரமான ஜீப்பை விட வேறென்ன வேண்டும்?

2020-ல் புதிய மஹிந்திரா தார், 2023-ல் மாருதி ஜிம்னி, 2024-ல் ஐந்து கதவு தார் ராக்ஸ் என்று வரிசையாக வந்ததில், வேலைக்குப் போகும் இளைஞர்களின் முதல் கார் பட்டியலிலேயே ஆஃப்-ரோடு வண்டிகள் இடம்பிடித்துவிட்டன. வண்டி வந்ததும் அடுத்து வரும் ஆசை: லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தி, பெரிய டயர் மாட்டுவது. அதனால் உண்மையில் என்ன மாறுகிறது? சட்டம் என்ன சொல்கிறது?

டயர் மேல் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

தாரின் ஒரு வேரியன்ட்டில் கம்பெனி தரும் டயர் அளவு 245/75 ஆர்16. இதில் 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 774 மி.மீ.

ஆஃப்-ரோடு பிரியர்கள் '33 இஞ்ச்' என்று சொல்லும் டயர்களில் ஒன்று 285/75 ஆர்16. இதன் விட்டம் சுமார் 834 மி.மீ. அதாவது 60 மி.மீ. அதிகம்.

அப்போ வண்டி 60 மி.மீ. உயருமா?

இல்லை. அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில். அதனால் பாதிதான் கிடைக்கும், 30 மி.மீ. கட்டை விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

சரி, லிஃப்ட் கிட் போட்டால்? அது ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் பாடியைத்தான் தூக்கும். ஜிம்னியில் முன்னும் பின்னும், தாரில் பின்பக்கம், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு இருக்கிறது. அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குடம்தான் பாறையில் முதலில் இடிக்கும் இடம். இரண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டாலும் அந்தக் குடம் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும்.

அப்படியென்றால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயர், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் வீல் ஆர்ச்சில் உரசும். அதற்கு இடம் விடத்தான். டயருக்காக லிஃப்ட், லிஃப்ட்டுக்காக வேறு ஷாக் அப்சார்பர், அதற்காக அலைன்மென்ட் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே வரும்.

ரோட்டில் என்ன மாறும்?

முதலில் ஸ்பீடோமீட்டர். சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் அது வேகத்தைக் கணக்கிடுகிறது. 774-லிருந்து 834-க்குப் போனால் சுற்றளவு ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். கம்பெனி டயரில் மீட்டர் 80 காட்டும் அதே சக்கரச் சுழற்சியில், இப்போது வண்டி 86 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓடோமீட்டரும் குறைத்தே காட்டும் என்பதால் ஆயில் மாற்றும் தேதிகூட உங்களுக்குத் தெரியாமல் தள்ளிப்போகும்.

இரண்டாவது பிரேக். டிஸ்க், பேட் எல்லாம் பழைய அளவுதான்; சக்கரம் மட்டும் பெரிசு. அதே அழுத்தத்தில் மிதித்தால் ரோட்டில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 7 சதவீதம் குறையும். கூடவே டயரின் எடையும் கூடியிருக்கும்.

மூன்றாவது இழுவை. பெரிய சக்கரத்தைச் சுற்ற என்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டிவரும், மைலேஜும் அடிவாங்கும்.

நான்காவது, உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி உயர்ந்தால் எடையின் மையமும் மேலே போகும். திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744-ல், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே திடீரென ஒரு பைக் குறுக்கே வந்து ஸ்டீயரிங்கை ஒடிக்க நேர்ந்தால், உயர்த்திய வண்டி கவிழும் வாய்ப்பு அதிகம். காட்டுப் பாதையில் 15 கி.மீ. வேகத்தில் கிடைத்த வசதிக்கான விலையை, 90 கி.மீ. வேகத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். டயர், லிஃப்ட், பம்பர் என்று தனித்தனியாக எண்ணலாம்.

இது பேப்பரில் மட்டும் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2022-ல் ஸ்ரீநகரில், பெரிய டயர், எல்.இ.டி. விளக்கு, சைரன் எல்லாம் மாட்டிய ஒரு தாரின் உரிமையாளருக்கு நீதிமன்றம் 6 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பிறகு, 2 லட்சம் ரூபாய் பிணைப் பத்திரத்தின் பேரில் நன்னடத்தை அடிப்படையில் அவரை விடுவித்தது.

போலீஸ் பிடிக்காவிட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: இன்ஷூரன்ஸ். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்தில் உங்கள் வண்டிக்கான சேத இழப்பீட்டை நிறுவனம் மறுக்க அது காரணமாகலாம். வாரண்டியும் அப்படித்தான். லிஃப்ட் போட்ட வண்டியில் சஸ்பென்ஷனோ டிரைவ் ஷாஃப்ட்டோ போனால், ஷோரூமில் வாதாடுவது கஷ்டம்.

சரி, எங்கே ஓட்டப் போகிறோம்?

பலரும் கடைசியாகக் கேட்கும் கேள்வி இது. முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கான்சாபுரத்துக்கு மேற்கே தெரியும் மலைக்காடு, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி, 2021-ல் மேகமலையுடன் சேர்ந்து நாட்டின் 51-வது புலிகள் காப்பகம் ஆனது. அனுமதி இல்லாமல் அதற்குள் வண்டியை விட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். 33 இஞ்ச் டயர் அங்கே எதற்கும் உதவாது.

மிச்சம் இருப்பது தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் போகும் வண்டிப்பாதை, கண்மாய்க்கரை. அதில் தினமும் டிராக்டரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லும் போய்வருகின்றன. கம்பெனியிலிருந்து வரும்போதே தாரின் தரை இடைவெளி 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ. இந்தப் பாதைகளுக்கு அது தாராளம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

* அளவை மாற்றாமல் டயரின் ரகத்தை மாற்றலாம். அதே அளவில் கிடைக்கும் ஆல்-டெரெய்ன் டயர் சேற்றிலும் கல்லிலும் நல்ல பிடி தரும். சுமை, வேகக் குறியீடுகள் கம்பெனி டயருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.
* சேறு, மணலில் காற்றைக் குறைத்து ஓட்டினால் டயர் தரையில் அகலமாகப் படியும். தார் ரோட்டுக்கு ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். அதற்கு வண்டியிலேயே ஒரு சின்ன கம்ப்ரசர் போதும்.
* அளவு பற்றிச் சந்தேகம் வந்தால், உரிமையாளர் கையேட்டையும் டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பாருங்கள்.
* ஏற்கெனவே மாற்றியிருந்தால் கம்பெனி அளவுக்குத் திரும்புவதே பாதுகாப்பு. அதுவரை வேகத்தை மீட்டரில் பார்க்காமல் மொபைல் ஜி.பி.எஸ்.ஸில் பாருங்கள், முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி கூட்டுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள்.

ரீல்ஸ் முப்பது செகண்டில் முடிந்துவிடும். அதன்பிறகு அதே வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ராத்திரி நெடுஞ்சாலையில் வீடு திரும்ப வேண்டும். டயர் கடையில் அளவைச் சொல்லும் முன் அந்தப் பயணத்தை ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.