ஸ்டென்ட் வைத்தவரின் மாத்திரையை மாற்றுவது குறித்து எங்கள் நிலைப்பாடு

பழனி மலையிலும் கொடைக்கானலிலும் இதய நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து இதை வெளியிடுகிறோம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மாற்றலாம். ஆனால் ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையைக் கேட்காமல் யாரும் மாற்றக் கூடாது.

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. மன்னவனூர்க்காரர் மலைப்பாதை இறங்கி மதுரை போய்ச் சேரும் நேரத்தை நினைத்தால் இதன் அருமை தெரியும். இதை முழுமனதோடு ஆதரிக்கிறோம். முதல் வேளையிலேயே குளோபிடோகிரெலை விட வீரியம் கூடிய டிகாகிரெலார் வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. தொலைவு காரணமாக இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நேரலாம். அதனோடு கொடுக்க ஏற்றது குளோபிடோகிரெல்தான்.

ஊசி போடாதவருக்கு, ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போது டிகாகிரெலார் 180 மி.கி. கொடுத்து மாற்றலாம், முன்பு விழுங்கிய குளோபிடோகிரெல் அதற்குத் தடையல்ல. ஊசி போட்டவர் விஷயத்தில் நிதானம் தேவை. 3,799 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ‘ட்ரீட்’ ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் டிகாகிரெலார் தொடங்கிய 75 வயதுக்குட்பட்டவர்களுக்கு 30 நாளில் பெரிய இரத்தக்கசிவு கூடவில்லை. ஆனால் அவர்களில் பாதிப் பேர் ஊசிக்குப் பின் 11 மணி நேரத்துக்கு மேல் கழித்தே அதைத் தொடங்கினார்கள். எனவே ஊசி போட்ட நேரமும் மாத்திரை கொடுத்த நேரமும் 108-இல் ஏறும் நோயாளியின் பரிந்துரைச் சீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது வீடு திரும்பிய பிறகு நடப்பது. டிகாகிரெலார் சிலருக்கு மூச்சுவாங்கலை உண்டாக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், மேட்டுக் காட்டில் ஏறி இறங்குபவர் அதை இதயத்தின் கோளாறு என்று அஞ்சி மாத்திரையைத் தானே நிறுத்திவிடக்கூடும். முதல் மாதத்தில் அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து உயிரே போகலாம். மூச்சுவாங்கினால் நிறுத்தாமல் உடனே வந்து காட்டுங்கள். மாற்ற வழி இருக்கிறது. பொதுவாகக் கடைசி டிகாகிரெலாருக்கு 24 மணி நேரம் கழித்து குளோபிடோகிரெல் 600 மி.கி., பிறகு தினம் 75. இரத்தக்கசிவுக்காக மாற்றினால் 600 இல்லாமல் 75 மட்டும் போதுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். குளோபிடோகிரெல் கல்லீரலில் மாறிய பிறகே வேலை செய்யும். மரபணு காரணமாகச் சிலரிடம் அது சரியாக நடப்பதில்லை. கடையில் டிகாகிரெலார் இருப்பு இல்லையென்று அதற்கு மாற்றாகக் குளோபிடோகிரெலைக் கொடுப்பதை நாங்கள் எதிர்ப்பது இதனால்தான். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மாத்திரையான பிரசுகிரெல், பக்கவாதம் வந்தவருக்குக் கூடவே கூடாது.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையின் பெயர், நிறுத்தும் தேதி, அழைக்க வேண்டிய எண் மூன்றும் தமிழில் வேண்டும். மலையிலுள்ள அரசு மருத்துவமனைகளில் டிகாகிரெலார் தீராமல் இருக்க வேண்டும். மண்சரிவில் பாதை அடைபடும் ஐப்பசி, கார்த்திகையில் நோயாளி கையில் ஒரு மாதத்துக்கான மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். பல் பிடுங்குவதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லும் முன், பல் மருத்துவர்களும் ஸ்டென்ட் வைத்த மருத்துவரை ஒரு முறை அழைத்துப் பேசக் கோருகிறோம்.