கட்டியின் என்சைமும் நோயாளியின் கதியும்

புற்றுநோய் என்னும் சொல் செவியிற்பட்ட அளவிலேயே, அதனை அறுத்தெறிய வேண்டும் என்ற எண்ணம் எவர் மனத்திலும் எழுவது இயல்பு. ஆயின், முதிய ஆடவர்க்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றின் திறத்தில் அவ்வெண்ணம் எப்பொழுதும் பொருந்துவதன்று. மூத்திரப்பையின் அடியிலுள்ள இச்சிறு சுரப்பியில் தோன்றும் கட்டிகளுட் பல, ஆமை நடையாய் வளர்ந்து, உடையவர் வேறு காரணத்தால் இறக்கும்வரை யாதொரு தீங்கும் செய்வதில்லை. சிலவோ எலும்பிற் பரவி உயிரைப் போக்குகின்றன. இவற்றைத் தொடக்கத்திலேயே பிரித்தறியக் கட்டியிலுள்ள என்சைம்கள் துணைசெய்யுமா என்பது பற்றி நமது அபிப்பிராயத்தை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

உடலின் இரசாயன மாறுதல்களை விரைவிக்கும் புரதமே என்சைம் என்பதை நம் மாணவர் அறிவர். 1936-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் குட்மன் முதலியோர், இப்புற்றுப் பரவிய எலும்பில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் என்சைம் மிகுந்திருத்தலைக் கண்டனர். 1938-இல் இரத்தத்திலும் அதன் பெருக்கம் காட்டப்பட்டது. 1941-இல் சிக்காகோவில் ஹக்கின்ஸ், விதைகளை நீக்கியபின் அவ்வளவு குறைதலைக் கண்டார். பிற்காலத்தில் அதன் இடத்தைக் கவர்ந்துகொண்ட பி.எஸ்.ஏ. என்பதும் ஓர் என்சைமே. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆனால் இரத்தத்தில் அது மிகுதல் சுரப்பியின் சாதாரண வீக்கத்தாலும் அழற்சியாலும் நேரலாம்.

ஆகவே திசுவையே வினவலாயினர். இங்கேதான் நாம் எச்சரிக்கையாய் இருக்கவேண்டும். ஏ.எம்.ஏ.சி.ஆர். என்று சுருக்கி வழங்கும் ராசிமேஸ் என்சைம் புற்றணுக்களில் மிகுதியாய் இருப்பதால், ஊசியால் எடுத்த திசுவில் புற்றுண்டா என்று துணிவதற்கு அது பெரிதும் உதவுகின்றது. அங்ஙனமாயின், அது மிகுந்த கட்டியே கொடியது என்று எவரும் நினைப்பர். 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, அது குறைந்திருந்த கட்டிகளை உடையாரே மிகுதியாய் இறந்தனர் என்று கண்டது! நோயைக் காட்டும் குறி வேறு, நோயின் போக்கைக் காட்டும் குறி வேறு என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ? இதற்கு மாறாக, 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்த இ.இசட்.எச்.2 என்னும் என்சைம் மிகுந்திருந்த கட்டிகளே தீய பயனைத் தந்தன.

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்ச் சிகிச்சை என மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, பதினைந்தாண்டு முடிவை 2023-இல் வெளியிட்டனர். இப்புற்றால் இறந்தோர் 45 பேரே. மூன்று பிரிவிலும் பெரிய வேற்றுமை இல்லை. ஆயினும் நோய் பிற உறுப்புக்களிற் பரவியது கண்காணிப்பில் இருந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்கு. மற்றையோருள் 5 பேருக்கு. அறுவை செய்துகொண்டோர் பலர் நீர் அடங்காமையாலும் தாம்பத்திய சக்தி இழந்தமையாலும் துன்புற்றனர். அவ்வொன்பதின்மர் யாவர் என்று முன்னரே கூறவல்ல குறி கிடைப்பின், ஏனையோர் கத்திக்கு அஞ்சவேண்டுவதில்லை.

அத்தகைய குறி என்று ஒன்றைப் போற்றுமுன், 1966 முதல் வழங்கும் கிளீசன் தரவரிசை நுண்ணோக்கியாற் கூறுவதற்கு மேலாக அது யாது கூறுகின்றது என்று நாம் கேட்டல் தகும். நூலிழை போன்ற ஊசித்துண்டு கட்டி முழுவதற்கும் சாட்சியாகாது என்பதையும் நினைத்தல் வேண்டும். ஒரே கட்டியின் இரு பக்கங்கள் இருவேறு இயல்பின ஆதலும் உண்டு. மேலும், இந்நோய் மெதுவாய் நடப்பது. இன்று எடுத்த திசுவின் உண்மை பதினைந்தாண்டு சென்றே விளங்கும். ஆதலின், மெழுகிற் பதித்த பழைய திசுக்கட்டிகளும், அவற்றிற்குரியார் பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் குறிப்புக்களும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. இடமில்லை என்று அவற்றை எறிந்துவிடும் வழக்கம் எந்த வைத்தியசாலையில் இருப்பினும், அதனை உடனே நிறுத்தவேண்டும் என்பதே நமது கோரிக்கை.