2.2 விநாடியில் மாம்பழத்தின் ஜாதகம்!

நறுக்கிய மாம்பழத் துண்டுகள் அடைத்த ஒரு பாக்கெட். அது எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனத்தில் உணவுப் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஃபிராங்க் யானாஸ், தன் குழுவிடம் இதே கேள்வியைக் கேட்டார். பதில் வர 6 நாள், 18 மணி நேரம், 26 நிமிடம் ஆனது. காரணம், தோட்டம், பேக்கிங் கூடம், கிடங்கு, நறுக்கும் ஆலை என்று பழம் பல கைகள் மாறியிருந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு தனிக் கணக்கு.

இந்தத் தாமதம் உயிரோடு விளையாடும். 2018-ல் அமெரிக்காவில் ரோமெய்ன் லெட்யூஸ் கீரையில் பரவிய ஈ-கோலை கிருமியால் 36 மாநிலங்களில் 210 பேர் பாதிக்கப்பட்டார்கள். 5 பேர் இறந்தார்கள். கிருமி வந்தது அரிசோனாவின் யூமா பகுதியிலிருந்து. ஆனால், எந்தக் கீரை அங்கே விளைந்தது என்பது பல பாக்கெட்டுகளில் இல்லை. 'எங்கே விளைந்தது என்று தெரியாவிட்டால் சாப்பிடாதீர்கள்' என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. தவறே செய்யாத விவசாயிகளின் கீரையும் குப்பைக்குப் போனது.

இங்கேதான் பிளாக்செயின் வருகிறது. எளிமையாகச் சொன்னால், எல்லோருக்கும் பொதுவான கணக்குப் புத்தகம். சரக்கு கைமாறும்போதெல்லாம் ஒரு பதிவு ஏறும். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு பின்னப்பட்டிருப்பதால், பின்னால் யாராவது திருத்தினால் காட்டிக்கொடுத்துவிடும். ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து வால்மார்ட் இதைச் சோதித்தபோது, அதே மாம்பழக் கேள்விக்கு 2.2 விநாடியில் பதில் கிடைத்தது! 2018 செப்டம்பரில், கீரை சப்ளை செய்பவர்கள் எல்லோரும் ஓராண்டுக்குள் இந்த முறைக்கு மாற வேண்டும் என்று வால்மார்ட் அறிவித்தது.

அப்படியென்றால் இனி பயமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. பதிவை அழிக்க முடியாதே தவிர, முதலில் எழுதியது உண்மையா என்று பிளாக்செயினுக்குத் தெரியாது. பொய்யை எழுதினால் பொய்யைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். யூமாவில் அந்தக் கிருமி பாசனக் கால்வாய்த் தண்ணீரிலேயே இருந்தது. அந்தத் தண்ணீரை ஒரு மனிதர்தான் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை, பாக்கெட்டில் இருக்கும் எண்தான். நம் ஊர் உணவுப் பாக்கெட்டுகளிலும் பேட்ச் எண்ணும், எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். மசாலாவை டப்பாவில் கொட்டியதுமே கவரைத் தூக்கிப் போடாதீர்கள். தீரும் வரை வைத்திருங்கள். இல்லையென்றால் அந்த எண்களை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஏதாவது பிரச்னை என்று புகார் கொடுக்கப் போனால், முதலில் தேவைப்படுவது அதுதான்.